ராசா போட்ட தும்மலும் சடையன் கழுத்தும்

ஒரு காலத்துல மேக்குச் சீமைய வெட்டுடையராயருன்னு ஒரு ராசா ஆண்டாரு. தங்கமான மனுசன். என்ன, காலையில கட்டிப்பிடிச்சவனை மத்தியானம் கழுவுல ஏத்தச் சொல்லுவாரு, அவ்வளவுதான்.

எல்லை மலையில சடையன் முரசு அடிச்சு சேதி அனுப்புவான். அரண்மனை மாடத்துல நல்லான் அதைக் கேட்டு, கொம்புல ஊதி ஊருக்குச் சொல்லுவான். நடுவுல எவனும் சேதிய மாத்திடக்கூடாதுல்ல? அதுக்கு ஒரு ஏற்பாடு. மொத்தம் எத்தனை அடின்னு எண்ணி, ஏழேழா தள்ளி, மிச்சத்தைக் கடைசியில முத்திரையா அடிக்கணும். நல்லானும் தனியா எண்ணிப் பாப்பான். ரெண்டும் ஒத்தா சேதி சுத்தம்.

ஏற்பாடு வந்து மூணு நாளாச்சு, ஒரு நாளும் ஒக்கல. சடையன் முத்திரை நாலு. நல்லான் கணக்குல மூணு.

தளவாய் திருமேனிக்கு வாயெல்லாம் பல்லு. அந்த முரசு வேலைக்கு அவரு மச்சினன் காத்துக் கெடக்கான்.

"சடையன் எதிரிகிட்ட விலைபோயிட்டான் ராசா!"

"அப்ப தலைய எடுங்க," ன்னாரு ராசா, கொட்டாவி விட்டுக்கிட்டே.

மலையிலேர்ந்து இழுத்துட்டு வந்த சடையன் கும்பிட்டான். "சாமி, நான் ஒழுங்காத்தான் எண்ணுனேன்..."

"நானுந்தான்," ன்னான் நல்லான்.

ராசாவுக்கு மூக்குப்பொடி இடிக்கிற குப்பாயி முன்னால வந்தா. "தலை எங்க போயிடப்போவுது சாமி? முதல்ல ஒரு இழுப்பு இழுங்க. நீங்க மூணு பேரும் ராசா தும்முறத எண்ணுங்க."

ராசா இழுத்தாரு. "ஹா...!"ன்னு கூரைய பாத்தாரு. அப்புறம் அச்சு, அச்சுன்னு வரிசையா போட்டுத் தள்ளி, மூக்கை உறிஞ்சுனாரு.

"ஆறு," ன்னான் சடையன்.

"அஞ்சு," ன்னான் நல்லான்.

"ஏழு ராசா!" ன்னாரு தளவாய்.

"ஏழு ஏதுய்யா?"

"மூக்கை உறிஞ்சீங்களே, அதையும் மரியாதைக்குச் சேத்துக்கிட்டேன்."

குப்பாயி சடையன் பக்கம் திரும்புனா. "தம்பி, அந்த 'ஹா'வையும் எண்ணுனியா?"

"ஆமாக்கா. 'கேளுங்கடா'ன்னு முதல்ல ஒரு அடி போடுவோம். மலையில அதுவும் கணக்கு."

"கொம்பு ஊதுற எங்களுக்கு அது மூச்சு இழுக்குற மாதிரி. அதைப் போய் எவன் எண்ணுவான்?" ன்னான் நல்லான்.

ராசா சிரிச்ச சிரிப்புல கிரீடம் கழண்டுச்சு. "ரெண்டு பேரும் யோக்கியன்தான்! இனிமே முதல் அடி யாருக்கும் கணக்கில்ல. தினம் காலையில என் தும்மல் அஞ்சையும் அடிச்சு, ரெண்டு பக்கமும் ஒத்துச்சான்னு பாத்துட்டுத்தான் சேதி. தளவாய், நீ இங்கயே உக்காந்து என் தும்மலை எண்ணு. மரியாதையைச் சேக்காம எண்ணு!"

தன் காப்பைக் கழட்டி குப்பாயிக்குப் போட்டாரு. சடையன் அவ கால்ல விழப்போனான். "எந்திரிடா, பொடி கொட்டிடும்," ன்னு வெரட்டுனா.

அன்னையிலேர்ந்து மலையில விடிஞ்சதும் ஒரு அடி கேக்கும், அப்புறம் அஞ்சு. அஞ்சு ராசாவோட தும்மல். அந்த முதல் அடி குப்பாயிக்கு. சடையன் உசிரோட இருந்த வரைக்கும் அதை அடிச்சான், எண்ணவே மாட்டான்.