சிங்காரப்பன் வாசலில் ரோஜாத் தோட்டம்

முன்னொரு காலத்தில், தென்கடலோரம் வெண்மணற்பட்டினம் என்றொரு நாட்டை வாரணராயன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது. கடைசியாகக் காதில் ஓதியவன் சொன்னதே அவருக்கு வேதவாக்கு.

அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவன் சிங்காரப்பன், அரண்மனைத் தோட்ட அதிகாரி. மந்திரி ஆதிமூலத்தைக் கண்டாலே அவனுக்கு வயிற்றெரிச்சல். மந்திரி வாயைத் திறந்தால் சபை சிரிக்கிறது, தான் திறந்தால் சபை கொட்டாவி விடுகிறது என்றால் யாருக்குத்தான் எரியாது?

ஒரு பங்குனி மாதக் காலையில் ராஜா மாடத்தில் நின்று கடற்கரையைப் பார்த்தார். மணல்மேடு முழுக்க அடும்பங்கொடி படர்ந்து, ஆட்டுக்குளம்பு போன்ற இலைகளுக்கு நடுவே ஊதாப்பூ பூத்துக் கிடந்தது. நண்டுகள் வளைக்கும் வெளிக்குமாக ஓடிக்கொண்டிருந்தன.

"தங்கள் கண்ணுக்கு எதிரே இப்படியொரு களைக்காடா, மகாராஜா?" என்றான் சிங்காரப்பன். "வழித்தெடுத்துவிட்டு ரோஜாத் தோட்டம் போடலாமே! பாரசீகக் கப்பலில் பதியன் வந்திருக்கிறது."

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "ஏன் ஆதிமூலம், இந்தக் கொடி என் நாட்டில் என்ன வேலை செய்கிறது?"

"மணலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது, மகாராஜா."

சிங்காரப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். "இரண்டு விரலால் இழுத்தால் கையோடு வரும் கொடி, மணலைப் பிடிக்கிறதாம்! மந்திரியாருக்கு வயதாகிவிட்டது."

ராஜாவும் சிரித்துவிட்டார். "நாளைக்கே வழித்தெடுங்கள்!"

மந்திரி மணல்மேட்டை எட்டிப் பார்த்தார். மேட்டுக்குப் பின்னால்தான் வலைஞர் குப்பம். கொடி போய்விட்டால், வைகாசியில் சோழகக் காற்று கடலிலிருந்து எழும்பும்போது குடிசைகளும் மணலுக்குள், குடிநீர் ஊற்றும் மணலுக்குள். ஆனால் சிரித்துவிட்ட ராஜாவிடம் வாதாடிப் பயனில்லை என்பதும் அவருக்குத் தெரியும். சட்டென்று கைகூப்பினார்.

"அருமையான யோசனை! ஆனால் சொன்னவருக்கு முதல் மரியாதை செய்ய வேண்டாமா? சிங்காரப்பன் மாளிகையும் கடலைப் பார்த்துத்தானே இருக்கிறது? முதல் தோட்டம் அவர் வாசலில் மலரட்டும். வைகாசியில் அவர் பேரனுக்குக் காதுகுத்து. மகாராஜா அந்தப் பூக்களுக்கு நடுவே விருந்துண்டு பார்த்துவிட்டு, பிறகு அரண்மனை மேட்டில் கை வைக்கலாம்."

முதல் மரியாதை என்றதும் சிங்காரப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே தன் வாசல் மேட்டை மொட்டையடித்துவிட்டான்.

சேதி கேட்டுக் குப்பத்துச் செம்பாயி மந்திரி வீட்டுக்கு ஓடி வந்தாள். "என்ன சாமி, நீங்களும் தலையாட்டிட்டீங்களாமே! மணல் எங்க குடிசைக்குள்ள வந்து குடியேறிடுமே!"

"பொறு தாயி. முதல்ல அது சிங்காரப்பன் வீட்டு விருந்துக்குப் போயிட்டு வரட்டும்."

வைகாசியும் வந்தது. பதியன்கள் உப்புக்காற்றில் கருகிக் குச்சியாக நின்றன. ராஜா கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று சிங்காரப்பன் குச்சிக்குக் குச்சி அரளிப்பூவைக் கட்டி வைத்திருந்தான். பந்தலில் ராஜா தலைவாழை இலைமுன் அமர்ந்தார். பருப்பு வந்தது, நெய் வந்தது, கூடவே சோழகமும் வந்தது.

மணல் முதலில் ராஜாவின் தாடியில் விழுந்தது. பிறகு பருப்பில். ஒரு கவளம் வாயில் வைத்தார். நறநறவென்ற சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. பாயசம் கொண்டுவந்தவன் கண்ணைக் கசக்கியபடியே அதை ராஜாவின் மடியில் ஊற்றினான். மொட்டை மணலில் வளை தோண்டத் தோண்டச் சரிந்ததால் வெறுத்துப்போன நண்டு ஒன்று பந்தலுக்குள் புகுந்து, ராஜாவின் அப்பளத்தைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"என்னடா இது, சிங்காரப்பா?" என்று ராஜா கர்ஜித்தார்.

சிங்காரப்பன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். வாய் நிறைய மணல்.

மந்திரி எழுந்து நின்றார். "அடும்பங்கொடி என்ன வேலை செய்கிறது என்று கேட்டீர்களே, மகாராஜா? இன்றைக்கு அது வேலைக்கு வரவில்லை."

ராஜா மணலைத் துப்பினார். ஒருகணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "என் மாடத்து மேட்டையும் வழித்திருந்தால்?"

"குப்பத்து அடுப்புகளில் தினமும் இதே விருந்துதான்."

ராஜாவின் சிரிப்பு அடங்கியது. தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். "அரண்மனை மேட்டில் ஒரு இலையைக்கூட யாரும் கிள்ளக் கூடாது. சிங்காரப்பா, உன் வாசலில் அடும்பை நீயே நடு. வேர் பிடிக்கும்வரை தண்ணீர்க் குடமும் உன் தோளில்தான். இன்னொன்றும் கேளுங்கள்: இனி என் நாட்டில் யார் புது யோசனை சொன்னாலும், அதை முதலில் சொன்னவர் வாசலில்தான் செய்து பார்ப்போம்!"

அந்த வருஷம் குப்பத்து ஊற்றில் தண்ணீர் தித்தித்தது. செம்பாயி மந்திரி வீட்டுக்கு ஒரு கூடை கருவாடு கொடுத்தனுப்பினாள். விருந்துக்கு மறுநாள் சபை கூடியதும் ராஜா வழக்கம்போல, "யாரிடமாவது புது யோசனை உண்டா?" என்று கேட்டார். அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.