மடவையின் முதல் துள்ளல்

அந்தக் காலத்தில் மீனும் மனிதரும் ஒரே பாஷை பேசினார்கள். அதனால் வம்புக்குக் குறைவில்லை. சின்னங்கழி என்ற ஊரில், ஆறு கடலோடு சேரும் முகத்துவாரத்தில், மடவை மீன்கள் கூட்டங்கூட்டமாக இருந்தன. அப்போது மடவைக்குத் துள்ளத் தெரியாது. அடிச்சேற்றுப் பாசியை மேய்ந்துகொண்டு தலை நிமிராமல் திரியும் சாது அது.

அந்த ஊரில் அம்பலவன் என்று ஒரு வீச்சுவலைக்காரன் இருந்தான். கோழி கூவும் முன்னே வலை வீசுகிறவன் தான் ஒருவன்தான் என்பதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. சித்திரையிலும் அப்படித்தான், மார்கழியிலும் அப்படித்தான். அந்த வருஷம் மார்கழி பிறந்ததும் வாடைக்காற்று விடாமல் வீசியது. விடியற்காலையில் கரையோரத் தண்ணீர் காலை வைக்க முடியாதபடி சில்லிட்டது. மடவைகள் எல்லாம் முகத்துவாரத்து நடுவில் இருந்த ஆழமான மடுவுக்குள் போய் ஒடுங்கிவிட்டன. அம்பலவனோ தினமும் இருட்டிலேயே போய்க் கரையோரத்தில் வலை வீசி, வெறும் சிப்பியை அள்ளிக்கொண்டு, பல் கிடுகிடுக்க வீட்டுக்கு வந்து போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான்.

அவன் மனைவி காத்தாயிக்கு அப்போது எட்டு மாதம். மடவைக் குழம்பு தவிர வேறெதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. கஞ்சி குடித்தால்கூட வாந்தியாக வந்துவிடும். பத்து நாளில் ஆள் பாதியாகிப் போனாள். வெயில் ஏறின பிறகு ஒருதரம் போய்ப் பாரேன் என்று புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். அந்த நேரத்தில் வலையோடு போனால் ஊர் சிரிக்கும் என்று அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

பதினோராம் நாள் வெயில் ஏறியதும் காத்தாயி சட்டி கழுவ முகத்துவாரத்துக்குப் போனாள். முழங்கால் தண்ணீரில் இறங்கினால் இதமாக இருந்தது. அடிச்சேறு கதகதவென்று இருந்தது. பாசி பச்சைப்பசேலென்று வளர்ந்து கிடந்தது, மேய ஒரு மடவை இல்லை. ஒரு நண்டு மட்டும் உட்கார்ந்து இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தது.

மடுவின் விளிம்பிலிருந்து யாரோ மெதுவாகக் கூப்பிட்டார்கள். பார்த்தால், ஒரு சினை மடவை. வயிறு கொள்ளாமல் முட்டை, ஆனால் பத்து நாளாகப் பட்டினி. இப்படியே போனால் முட்டை அத்தனையும் வயிற்றிலேயே வற்றிவிடும் என்று அது அழுதது. வெயில் வந்ததா என்று பார்த்துவர நண்டைத்தான் தினமும் அனுப்புகிறோம், இன்னும் விடியவில்லை என்றுதான் அது சொல்கிறது என்றது.

காத்தாயிக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "நண்டு பேச்சக் கேட்டா கதையாவுமாடி? நீயே எட்டிப் பாரு," என்றாள்.

"ஒம் புருஷன் வலையோட நிப்பாரே அக்கா?"

"அவரு போர்வைக்குள்ள கெடக்காரு."

மடவை வாலை ஓங்கி அடித்து ஒரு எம்பு எம்பியது. அதுவரை எந்த மடவையும் தண்ணீரை விட்டு மேலே வந்ததில்லை. அந்தரத்தில் நின்ற ஒரு நொடியில் வெயிலைப் பார்த்தது, பாசியைப் பார்த்தது, நண்டையும் பார்த்தது. நண்டு பக்கவாட்டில் ஓடி வளைக்குள் புகுந்துகொண்டது. மடவை சந்தோஷம் தாங்காமல் இன்னும் இரண்டு துள்ளுத் துள்ளிக் கூட்டத்தைக் கூப்பிட்டது.

காத்தாயியின் காலைச் சுற்றி மடவைகளாக நிறைந்தன. சட்டியால் மொண்டாலே குழம்புக்கு ஆகும். அவளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அந்த முகத்தைப் பார்த்ததும் சினை மடவைக்கு மேய்ச்சல் மறந்துபோயிற்று.

காத்தாயி சட்டியைக் கரையில் வைத்தாள். "பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஒங்களத் தின்னாத்தான் எம் புள்ள தங்கும். ஆனா நீயும் என்னாட்டம் வாயும் வயிறுமா இருக்க. மொதல்ல வயிறாற மேயுங்க. வெயிலு உச்சிக்கு வந்ததும் அவர அனுப்புவேன். அப்பப்ப துள்ளிப் பாத்துக்குங்க. பாத்தது தப்பிக்கட்டும், பாக்காதது எஞ் சட்டிக்கு வரட்டும்."

மடவை கொஞ்சம் யோசித்தது. "நியாயந்தான் அக்கா," என்றது.

உச்சி வேளையில் காத்தாயி போர்வையை உருவினாள். அம்பலவன் முணுமுணுத்துக்கொண்டே, யார் கண்ணிலும் படாமல் வலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். சினை மடவை துள்ளி அவனைப் பார்த்துவிட்டது. அந்தத் துள்ளலை அவனும் பார்த்துவிட்டான். இந்தப் பக்கம் வலை விரிய, அந்தப் பக்கம் கூட்டம் மடுவுக்குப் பாய்ந்தது. சினை மடவை வலை விளிம்பைத் தாண்டிக் குதித்துப் போயிற்று. பாசியை விட்டுத் தலை தூக்காத ஐந்தாறு தீனிப்பண்டாரங்கள் மட்டும் மாட்டிக்கொண்டன.

காத்தாயி அன்று மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். அத்தனையும் வயிற்றில் தங்கியது. தை மாதம் பெண் பிறந்தது. சினை மடவையும் கடலுக்குப் போய் முட்டையிட்டது. மார்கழியில் வெயில் ஏறித்தான் வலை வீச வேண்டும் என்பதைத் தானே கண்டுபிடித்ததாக அம்பலவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான், காத்தாயி மறுக்கவில்லை.

அன்று முதல்தான், வாடைக் காலத்தில் வெயில் ஏறியதும், வலைக்காரன் நிற்கிறானா என்று பார்க்க மடவை துள்ளுகிறது. மடவை எங்கே துள்ளுகிறது என்று பார்த்துக்கொண்டு வலைக்காரன் நிற்கிறான்.