பெப்பினோ பிரபுவுக்குக் கண்ணீர் அஞ்சலி

கிணத்துமேட்டில் புத்திக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழித்ததில்லை. அந்த ஊர்ச் சென்னியப்பனின் மருமகன், ஒரு வீடியோ கேம் பெட்டியை மாமனார் வீட்டு டிவியில் மாட்டிவிட்டு வெளிநாடு போய்விட்டார். அதில் பெப்பினோ என்று ஓர் இத்தாலிப் பிரபு வந்தார். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆள். பெரிய பிரபு என்று சொல்ல முடியாது: ஒரு குதிரை, நாலு ஏக்கர் திராட்சைத் தோட்டம், அவ்வளவுதான். ஆனால் டிவியைப் போட்டதும் தொப்பியைக் கழற்றி வணக்கம் வைப்பார். அந்த மரியாதையைச் சென்னியப்பனுக்கு வீட்டில் வேறு யாரும் கொடுத்ததில்லை. அவரும், கூட்டாளிகள் வெள்ளியங்கிரியும் திருமூர்த்தியும் பிரபுமேல் உயிரையே வைத்தார்கள்.

ஒருநாள் திரையில் எழுத்து ஓடியது. வெள்ளியங்கிரி எழுத்துக்கூட்டிப் படித்து அர்த்தம் சொன்னார்: “பிரபுவைக் கொல்ல ஆள் வருகிறது. சத்தமில்லாமல் பின்னால் போய்க் காப்பாற்றவும்.”

மூவரும் செருப்பைக் கழற்றினார்கள். சமையலறையில் மிக்சியை நிறுத்தச் சொன்னார்கள். அடிமேல் அடி வைத்து டிவிக்குப் பின்னால் போனார்கள். அங்கே வயரும் ஒட்டடையும்தான் இருந்தன.

அடுத்த உத்தரவு: “வைக்கோல் போரில் ஒளிந்துகொள்ளவும்.”

ஓடிப்போய் மாட்டுக்கொட்டகைப் பக்கத்துப் போரில் ஒரு மணி நேரம் புதைந்து கிடந்தார்கள். உடம்பெல்லாம் அரிப்போடு திரும்பி வந்தால், பிரபு கவிழ்ந்து கிடக்கிறார். ‘பெப்பினோ இறந்துவிட்டார்’ என்று திரையிலேயே போட்டிருந்தது. மூவரும் அழுதார்கள். நிஜமாகவே அழுதார்கள்.

கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வயசு வேண்டுமே?

“தோற்றம் ஆயிரத்து நானூத்தி எம்பது. மறைவு இன்னிக்குங்கண்ணா” என்றார் வெள்ளியங்கிரி.

“அப்ப ஐந்நூறைத் தாண்டீட்டாரு. கல்யாணச் சாவுடா! பார்த்தா முப்பதுதான் மதிக்கலாம்” என்றார் சென்னியப்பன்.

“திராட்சை தின்ன உடம்புங்க” என்றார் திருமூர்த்தி.

வாசலில் பேனர் ஏறியது. மேளம் வந்தது. பிரபுவுக்குப் பிள்ளைகுட்டி கிடையாதென்று மூவருமே மொட்டையடித்துக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு முகம் காட்டலாம் என்று திருமூர்த்தி டிவியைப் போட்டார்.

பெப்பினோ தோட்டத்திலிருந்து நடந்து வந்தார். தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார்.

மேளம் நின்றது.

“ஏனுங்கண்ணா, செத்த விஷயம் இவருக்குத் தெரியாதாட்டம் இருக்குதுங்க” என்றார் திருமூர்த்தி.

“எப்படிறா தெரியும்? நாம ஆரும் சொல்லலையே.”

“நீங்கதான் பெரியவரு. பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.”

சென்னியப்பன் திரைக்கு அருகே போனார். அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்தார். “சௌக்கியமுங்களா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

அன்று சாயங்காலமே மூவரும் வீடு வீடாகப் போய், “அவருகிட்ட மட்டும் ஆரும் சொல்லீராதீங்க, தாங்க மாட்டாரு” என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். ஊரே சத்தியம் செய்து கொடுத்தது. நானும் இன்றுவரை மூச்சு விடவில்லை.