கிண்ணத்துக்குப் பயந்த பாளங்கள்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குப் பொழுது போகாவிட்டால் ஊருக்கு வேலை வந்துவிடுகிற ஒரு தேசத்தில், ராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. கோட்டை வாசலில் ஒரு வெண்கல மணி தொங்க வேண்டும். அதன் ஓசை எல்லை தாண்டி எதிரியின் காதில் விழ வேண்டும். அரண்மனைச் சோறு தின்கிற ஒவ்வொருவரும் தன் பெயர் பொறித்து ஒரு வெண்கலப் பாளம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

பாளங்கள் வந்து குவிந்தன. வார்ப்பு வேலைக்கு வந்த உலகப்ப ஆசாரி ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். இன்னொன்றைத் தூக்கி முகம் சுளித்தார்.

"மகாராஜா, இதெல்லாம் ஓட்டை உடைசலை உருக்கி ஊத்துனது. உள்ளே என்ன கெடக்குன்னு தெரியாம மணி வார்க்க முடியாது. காரீயம் கலந்திருந்தா மணி 'டொக்'குங்கும். ஒவ்வொண்ணுலயும் ஒரு மூலையை ஒடைச்சுப் பார்க்கணும்."

தலைமை மந்திரி அனந்தசயனர் எழுந்தார். "அரசே, பெயர் பொறித்த பாளத்தை உடைப்பது, கொடுத்தவர் முகத்தில் கீறுவதற்குச் சமம். உரசவும் கூடாது."

சபை தலையாட்டியது. அவ்வளவு வேகமாக அது தலையாட்டி யாரும் பார்த்ததில்லை.

"பின் எப்படித்தான் அறிவது?" என்றார் ராஜா.

"நம் விகடகவி பொடியப்பன் உலைக்களத்தில் வளர்ந்தவர். பார்த்தே சொல்லிவிடுவார்."

மந்திரிக்கு அவன்மேல் வெகுநாள் எரிச்சல். தான் அரைநாள் பேசியும் கிடைக்காத ராஜாவின் சிரிப்பு, அவன் ஒருமுறை தும்மினால் கிடைத்துவிடுகிறது.

"நல்லது. பொடியப்பா, நீயே பிரித்துக் கொடு. மணி செத்த ஓசை எழுப்பினால், நாக்குக்குப் பதில் உன்னையே அதில் கட்டித் தொங்கவிடுவேன்" என்றார் ராஜா.

வெளியே வந்ததும் ஆசாரி கேட்டார்: "ஏம்ப்பா, உனக்கு உலோகம் தெரியுமா?"

"எங்கண்ணே தெரியும்! எங்கப்பன் துருத்தி ஊத உட்கார வச்சாரு. நான் தூங்குனதுல உலையே அணைஞ்சு போச்சு. கரி சுமக்கச் சொன்னாரு, பாதி வழியில கூடையோட விழுந்தேன். 'நீ உருப்படியான எதுக்கும் ஆக மாட்ட, அரண்மனைக்குப் போ'ன்னு தொரத்திட்டாரு. இன்னைக்கும் எனக்குப் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் வித்தியாசம் தெரியாது."

"அப்போ தொங்கத்தான் போற."

"தொங்குனாலும் சத்தம் வராது அண்ணே. உள்ளே வெறும் காத்து."

மறுநாள் சபையில் பொடியப்பன் கைகட்டி நின்றான்.

"மகாராஜா, நான் உரசவும் மாட்டேன், உடைக்கவும் மாட்டேன். கொடுத்தவர்களுக்கு ஒரு மரியாதை செய்ய அனுமதி போதும். முதலில் அவரவர் பாளத்தில் அவரவருக்கு ஒரு கிண்ணம் வார்ப்போம். புளிரசத்தை ஊற்றி ஒருநாள் ஊறவைப்போம். தங்கள் முன்னிலையில் அவரவர் கிண்ணத்தில் அவரவர் குடிக்கட்டும். பிறகு எல்லாவற்றையும் உருக்கி மணி."

"ஆகா! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மந்திரியின் முகம் வெளுத்தது. "எனக்குப் புளி ஒத்துக்கொள்ளாது, அரசே."

"மோர் ஊத்தித் தரலாம் சாமி. நல்லா புளிச்ச மோரா" என்றான் பொடியப்பன்.

காரீயத்தில் புளிப்புப் பட்டால் விஷம் என்பது ரசம் வைக்கிற எந்த வீட்டுக்கும் தெரியும்.

அன்று பிற்பகலே உலைக்களத்து வாசலில் பல்லக்குகள் வந்து நின்றன. "என் பாளம் சிறிதாகிவிட்டது, பெரிதாகத் தருகிறேன்" என்றார் சேனாதிபதி. "என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று" என்றார் புரோகிதர். மந்திரி மேல்துண்டுக்குள் எதையோ மறைத்து மூச்சிரைக்கத் தூக்கி வந்தார். பொடியப்பன் யாரையும் தடுக்கவில்லை. புதியதை வாங்கினான், பழையதை ஓரமாக அடுக்கினான். சமையற்காரர்களும் குதிரைக்காரர்களும் மட்டும் வரவில்லை. அவர்கள் வீட்டில் சாப்பிட்ட வட்டிலையே உருக்கிக் கொடுத்திருந்தார்கள்.

ராஜா சபையோடு வந்து ஓரத்துக் குவியலைப் பார்த்தார். விஷயம் புரிந்தது.

"அனந்தசயனரே, காரீயத்தில் உமது பெயர் எவ்வளவு அழகாகப் பதிந்திருக்கிறது!"

மந்திரி குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது ஆசாரி, "இன்னும் ஒண்ணு இருக்கு மகாராஜா. பொடியப்பன் பேர் போட்டது. இவன் மாத்தவே இல்லை" என்றார்.

மந்திரிக்கு உயிர் வந்தது. "அப்படியானால் முதல் கிண்ணம் அவருக்கே! இப்போதே வார்த்துக் குடிக்கட்டும்!"

பொடியப்பன் தலையைச் சொறிந்தான். "மாற்ற என்னிடம் வேறு ஏது? மகாராஜா, இது என்ன உலோகமென்று தங்களுக்குத்தான் தெரியும். வருஷா வருஷம் எனக்குத் தங்கக் காப்பு என்று மாட்டிவிட்டீர்களே, அதெல்லாம்தான் இது. விற்கலாமென்று தட்டாரிடம் கொண்டுபோனேன். என் விகடத்துக்குக்கூட அவர் அப்படிச் சிரித்ததில்லை. அதனால்தான் உருக்கிக் கொடுத்தேன். சொல்லுங்கள், குடிக்கலாமா?"

ராஜா பாளத்தைப் பார்த்தார். பொக்கிஷக்காரரைப் பார்த்தார். பொக்கிஷக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"குடிக்காதேடா, பாவி!" என்று கத்திய ராஜா, மறுகணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாரங்கே! இவனுக்கு நிஜத் தங்கத்தில் ஒரு காப்பு!"

"வேண்டாம் மகாராஜா. தங்கம் தெரிந்தவனாக இருந்தால் இத்தனை காலம் பல்லிளித்துக்கொண்டு அதை மாட்டியிருப்பேனா? நெல்லாகக் கொடுங்கள். ஊதிப் பார்த்தாவது தெரிந்துகொள்வேன்."

ஒரு வண்டி நெல் வந்தது. பொடியப்பன் ஒரு பிடி அள்ளி ஊதினான். கால்வாசி பதராய்ப் பறந்துபோயிற்று. மிச்சம் நெல்தான். காப்புக்கு இது எவ்வளவோ தேவலை என்று வண்டியை வீட்டுக்கு ஓட்டினான்.