சில்லு வரி

ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை மிகுதியாகவும் இருந்த முன்னொரு காலத்தில், ஒரு ராஜாவுக்கு உடைந்த சட்டிகளின் மேல் கருணை பிறந்தது. "நம் நகரில் ஒரு சில்லும் வீணாகக் கூடாது. அரைத்துக் குழைத்து மறுபடி சட்டியாக்குங்கள். புதுமண் சட்டி நகருக்குள் நுழையவே கூடாது!" என்று ஆணையிட்டார்.

நகரசபைத் தலைவர் தாண்டவராயர் சூளை கட்டினார். சில்லு அள்ள வண்டி வைத்தார், வண்டிக்குக் காவல் வைத்தார், காவலுக்கு மேற்பார்வை வைத்தார். ஒரு சட்டிக்குப் பத்துச் சட்டியின் செலவு ஆனது. அதை ஈடுகட்ட வீட்டுக்கு வீடு சில்லு வரி. கட்டாத வீட்டில் நல்ல சட்டியைப் பறித்தார்கள். சூளைக்குச் சில்லு போதவில்லை என்றதும் பறித்த சட்டியை வாசலிலேயே உடைத்து வண்டியில் ஏற்றினார்கள். அக்கிரமத்துக்கு ஓர் அளவு வேண்டாமா?

அரசவை விகடன் முத்திருளன் அதைக் கண்ணால் கண்டான். அவன் தெருக்காரி காத்தாயி, படுத்த படுக்கையாய்க் கிடந்த புருஷனுக்குக் காய்ச்சிய கஞ்சி சட்டியோடு மண்ணில் சிதறியது.

"கஞ்சியைத் தவிர அவருக்கு ஒண்ணும் இறங்காதுய்யா. தெருவுல ஒரு வீட்டுலயும் சட்டி இல்ல. நான் எதுல காய்ச்சுவேன்?" என்று அழுதாள். முத்திருளன் வீட்டுச் சட்டியும் முந்தின நாளே போயிருந்தது. வயிறெரிய அரண்மனைக்கு ஓடி, ராஜாவிடம் முறையிட்டான்.

தாண்டவராயர் குறுக்கிட்டார். "பிரபோ, குறை சொல்வது சுலபம். இன்று பொழுது சாய்வதற்குள் இவனே சூளையை நிரப்பிக் காட்டட்டும். தவறினால் தலையை எடுத்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும். முத்திருளா, எந்த வீட்டுச் சட்டியையும் உடைக்க உனக்கு அதிகாரம் தந்தோம்" என்றார் ராஜா.

முத்திருளன் வணங்கிவிட்டு, ஓர் உலக்கையோடு அரண்மனை மடைப்பள்ளிக்குள் நுழைந்தான். மண்சட்டிச் சமையல் இல்லாவிட்டால் ராஜாவுக்குச் சோறு இறங்காது. அன்று மதியம் இலை போட்டு உட்கார்ந்தார். இலையில் ஒன்றும் விழவில்லை.

"எங்கே சாப்பாடு?"

"சட்டிகள் சூளைக்குப் போய்விட்டன, பிரபோ. திரும்பி வந்ததும் சமைப்பார்கள்" என்றான் முத்திருளன்.

"எப்போது வரும்?"

"மூன்று மாதம் ஆகும், பிரபோ" என்றார் தாண்டவராயர்.

"மூன்று மாதமா! உமது வீட்டிலிருந்தாவது சோறு வரவழையும்."

"அங்கேயும் உடைத்தாயிற்று, பிரபோ" என்றான் முத்திருளன்.

ராஜா முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வரியை ஒழித்தார், சூளையை மூடினார், தம் முத்துமாலையைக் கழற்றி முத்திருளன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும்?"

"வீட்டுக்கு ஒரு சட்டி, பிரபோ."

பக்கத்து ஊருக்கு வண்டிகள் பறந்தன. மறுநாள் முதல் வண்டி வந்ததும் முத்திருளன் ஒரு சட்டியை எடுத்துக்கொண்டு காத்தாயி வீட்டுக்கு ஓடினான். வாசலில் ஆட்கள் தலையில் துண்டோடு குந்தியிருந்தார்கள்.

காத்தாயி எழுந்து வந்து சட்டியை வாங்கிக்கொண்டாள். "நேரத்துக்குத்தான் கொண்டாந்தீங்கய்யா. கொள்ளி எடுத்துப்போகச் சட்டி இல்லாம, காலையிலேருந்து அவரைப் போட்டு வச்சிருக்கோம்."