பதர் சொன்ன ஒற்றை

இந்தக் கதை எனக்கு நேராக வந்ததில்லை. விடுதியில் என் அறையில் இருந்த அன்னக்கொடி சொன்னாள். அவளுக்குச் சொன்னவர், மலையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த அவளுடைய தாய்மாமா. அவருக்கு யார் சொன்னார்கள் என்று அவளுக்கும் தெரியாது. இத்தனை வாய் மாறி வந்ததில் நடுவில் யாராவது எதையாவது மாற்றியிருக்கலாம். நான் மாற்றாமல் சொல்லப் பார்க்கிறேன்.

அந்தக் காலத்தில் காட்டில் இருந்த எல்லா உயிருக்கும் ஒரே பேச்சு. மான் சொன்னது மந்திக்குப் புரியும், மந்தி திட்டியது மயிலுக்கு வலிக்கும். ஆனால் தவிட்டுக்குருவிகள் மட்டும் அதிகம் பேசாது. ஆளுக்கொரு புதரில் ஒதுங்கித் தரையைக் கிளறிக்கொண்டிருக்கும்.

ஒரு புளிய மரத்தில் அப்படி ஏழு சகோதரிகள் இருந்தார்கள். அடிவாரத்துக் களத்தில் பொறுக்கித் தின்று வளர்ந்த தாய், அங்கே கண்டதையெல்லாம் பிள்ளைகளுக்குப் பேராக வைத்துவிட்டுப் போயிருந்தாள். மூத்தவள் அரிசி. அடுத்து நொய், குருணை, தவிடு. இந்த நால்வரும் தின்னக்கூடியதன் பேரைப் பெற்றவர்கள். மற்ற மூவருக்கும் புடைத்துத் தள்ளுவதன் பேர்தான் மிஞ்சியது: உமி, பதர், கருக்காய்.

பதருக்குத் தன் பேர் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு பயம். பதர் என்றால் நெல் மாதிரி இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. அவள் வாய் திறந்தாலே யாராவது, "காத்து அடிக்குது, பதர் பறக்குது" என்பார்கள். அதனால் அவள் எதையும் மூன்று முறை யோசித்துவிட்டுத்தான் சொல்வாள். பல நேரம் சொல்லாமலே விட்டுவிடுவாள்.

அந்த மலையில் ஒரு சுனை இருந்தது. எந்தப் பஞ்சத்திலும் வற்றாது. ஆனால் பாறைக் குகைக்குள் இருந்ததால் வானத்திலிருந்து பார்த்தால் தெரியாது. வறண்ட ஓடைப் பள்ளம் ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பள்ளம் நான்கு இடங்களில் இரண்டாகப் பிரியும். ஒரு பிரிவில் தவறினாலும் உருளும் கற்கள் நிறைந்த சரிவில் கொண்டுபோய் விடும். அதில் இறங்கியவர்கள் ஏறி வந்ததில்லை.

வழி தெரிந்திருந்தது ஒரு கிழட்டுப் பெண்யானைக்கு மட்டும். கடைசிப் பல் தேய்ந்து, மூங்கிலை மெல்ல முடியாமல் போனபோது, அவள் எல்லோரையும் புளிய மரத்தடிக்குக் கூப்பிட்டாள்.

"என் தலை பெரிசுதான். ஆனா ஒண்ணுதானே இருக்கு," என்றாள். "ஒரு தலையில வெச்சது ஒரு சாவுல போயிடும். வழிய யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"

"கிளிகிட்ட விடுங்க பாட்டி," என்றது மந்தி.

"அது கடைசியாக் கேட்டதத்தான் சொல்லும். நீ போற வழியில இருமினா இருமலைச் சொல்லும்."

"மயில்?"

"மேகம் வந்தா அதுக்கு அதோட பேரே மறந்துரும்."

கடைசியில் யானையின் கண் போனது தவிட்டுக்குருவிகள் மேல். எங்கும் பறந்து போகாதவர்கள், தரையோடு இருப்பவர்கள். ஆனால் அவர்கள் தலை புளியங்கொட்டை அளவு. ஒரு சொல்லுக்கு மேல் வைத்தால், புதுச் சொல் பழையதை வெளியே தள்ளிவிடும். யானை தலையாட்டினாள். வழி நான்கே சொல். ஒவ்வொரு பிரிவிலும் வலமா, இடமா என்பதுதான். ஆளுக்கொன்றாக நால்வர் காதில் ஊதினாள். அரிசிக்கு வலம். நொய்க்கு இடம். குருணைக்கு வலம். தவிட்டுக்கு வலம்.

"மிச்சம் மூணு பேரு இருக்கோமே," என்றாள் கருக்காய்.

"ஆளுக்கொரு அக்காகூடச் சேர்ந்து அவ சொல்லையே வெச்சுக்கங்க," என்றாள் நொய்.

பதர் மூன்று முறை யோசித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "நாலு சொல்லு இருக்கு, நாங்க மூணு பேருதானே. ஒரு சொல்லு தனியா நிக்குமே?"

"நின்னா நிக்கட்டும்."

"சரி, நான் அரிசியக்காகூடச் சேருறேன். ஒருநாள் அக்கா வலம்னு சொல்லி, நான் இடம்னு சொன்னா, யாரை நம்புவீங்க?"

"இதுல என்னடி சந்தேகம்? அக்காவத்தான்!" எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப நான் எதுக்கு?"

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. பதர் காலடியில் கிடந்த புளியங்கொட்டைகளைப் பார்த்தாள். சகோதரிகள் விளையாடும் விளையாட்டு ஒன்றுதான்: ஒற்றையா இரட்டையா. மூன்று பேர் சிறகடியில் ஒரு கொட்டையை ஒளிப்பார்கள், அல்லது ஒன்றும் ஒளிக்கமாட்டார்கள். எல்லாம் சேர்த்தால் ஒற்றையா இரட்டையா என்று நான்காமவள் சொல்ல வேண்டும். அதில் பதர் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தாள். கூட்டினால் ஒற்றை என்று தெரிந்துவிட்டால், இரண்டு பேர் சிறகைத் தூக்கினால் போதும். மூன்றாமவள் தூக்கவே வேண்டாம். அவளிடம் கொட்டை இருக்கிறதா இல்லையா என்று தானாகத் தெரிந்துவிடும்.

"எனக்கு வழிச் சொல்லு வேண்டாம்," என்றாள் பதர். "வலத்துக்கு ஒரு கொட்டை, இடத்துக்கு ஒண்ணுமில்லை. மூணு அக்காங்க கொட்டையும் கூட்டினா ஒற்றையா இரட்டையா, அத மட்டும் நான் வெச்சுக்கறேன். அதுவும் ஒரு சொல்லுதானே."

யானை காதாட்டுவதை நிறுத்தினாள்.

பிறகு மூவரும் பங்கு பிரித்துக்கொண்டார்கள். உமி, குருணையை விட்டுவிட்டு மற்ற மூவரைக் கூட்டினாள்: இரட்டை. பதர், நொய்யை விட்டுவிட்டுக் கூட்டினாள்: ஒற்றை. கருக்காய், அரிசியை விட்டுவிட்டுக் கூட்டினாள்: இரட்டை.

"என்னை மட்டும் ஏண்டி மூணு பேரும் எண்ணுறீங்க?" என்று கேட்டாள் தவிடு.

"நீ தூங்குமூஞ்சி. உனக்கு மூணு பேரு வேணும்," என்றாள் உமி.

மந்தி கிளையில் தொங்கிக்கொண்டு சிரித்தது. "நாலு பேருகிட்ட வழி இருக்கு. மூணு பேருகிட்ட ஒண்ணுமே இல்ல. பேருக்கேத்த பொழப்பு!"

யானை போய்ச் சேர்ந்தாள். மழைகள் வந்தன. யாருக்கும் வழி தேவைப்படவில்லை. சகோதரிகள் பழையபடி ஆளுக்கொரு புதருக்குப் போய்விட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லைக் கேட்கவில்லை. சொல் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள்.

பிறகு அந்தப் பஞ்சம் வந்தது.

ஓடை காய்ந்தது. மரப்பொந்துத் தண்ணீர் காய்ந்தது. மிளா மான்கள் மண்ணை நக்கத் தொடங்கின. கூட்டத்துக்கு முன்னால் நின்ற பெண் மிளாவுக்கு நிறைசூல், விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது. பள்ளத்தின் வாயில் காடு முழுவதும் கூடிவிட்டது. குருவிகளைக் கூட்டி வந்தார்கள்.

"வழி சொல்லுங்க தாயி," என்றது மிளா. "ஒரு தடவை நடக்கத்தான் உசிரு இருக்கு. திரும்பி வந்து நடக்க இல்லை."

"வலம்," என்றாள் அரிசி.

"இடம்," என்றாள் நொய்.

"இடம்," என்றாள் குருணை.

"வலம்," என்றாள் தவிடு, கொட்டாவியோடு.

மற்ற மூவரையும் யாரும் கேட்கவில்லை. மிளா நடக்கத் தொடங்கியது. கூட்டம் பின்னால் நகர்ந்தது.

பதர் பழக்கதோஷத்தில் எண்ணினாள். அரிசியிடம் ஒரு கொட்டை. குருணையிடம் இல்லை. தவிட்டிடம் ஒன்று. இரண்டு. இரட்டை.

அவளிடம் இருந்த சொல் ஒற்றை.

நான் மாற்றி வைத்துக்கொண்டேனோ? இத்தனை மழைக்காலம் ஆயிற்றே. நான்கு அக்காக்களும் தடுமாறாமல் சொல்லிவிட்டார்கள். உள்ளே ஒன்றும் இல்லாத நான் இப்போது வாயைத் திறந்து, என் சொல்தான் தவறு என்றால், வீணாக ஒரு காட்டையே வெயிலில் நிறுத்தி வைத்த பாவம். வாயைத் திறக்காமல் இருந்து என் சொல் சரி என்றால்? மிளாவின் முன்னங்கால் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. அதன் வயிற்றில் குட்டி புரள்வது தோலுக்கு மேலே தெரிந்தது.

பதர் இந்த முறை மூன்று தடவை யோசிக்கவில்லை. பறந்து போய் மிளாவின் மூக்கின் மேலேயே உட்கார்ந்து கத்தினாள்: "ஒற்றை! ஒற்றை! நில்லு!"

"காத்து அடிக்குது, பதர் பறக்குது," என்றது மந்தி, வறண்ட தொண்டையோடு. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"இறங்குடி கீழே!" என்று அதட்டினாள் அரிசி. "நாலு பேரு சொன்னது தப்பு, நீ சொல்றது சரியா?"

"தெரியலக்கா. நானே தப்பா இருக்கலாம்," என்றாள் பதர். "நான் மட்டும் தப்புன்னா நான் மட்டும்தான் கத்துவேன். உமி, உன் கணக்கு?"

உமி எண்ணினாள். "அரிசியக்கா ஒண்ணு, நொய்யக்கா இல்ல, தவிட்டக்கா ஒண்ணு. இரட்டை. என் சொல்லும் இரட்டை. எனக்குச் சண்டையில்ல."

பதர் அடுத்தவள் பக்கம் திரும்பினாள். "கருக்காய்?"

கருக்காய் எண்ணினாள். திரும்ப எண்ணினாள். "நொய்யக்கா இல்ல, குருணையக்கா இல்ல, தவிட்டக்கா ஒண்ணு. ஒற்றை வருது. ஆனா என்கிட்ட இருக்கறது இரட்டை." அவள் தலையைத் தூக்கினாள். "எனக்கும் சண்டை!"

பதர் தரையில் இறங்கி, புளியங்கொட்டை இருப்பது போலவே மண்ணில் கொத்திக் கொத்திச் சொன்னாள்.

"எனக்கும் சண்டை, கருக்காய்க்கும் சண்டை. ரெண்டு பேரும் எண்ணுறது யாரை? குருணையக்காவையும் தவிட்டக்காவையும். தவிட்டக்கா சொன்னது தப்புன்னா உமிக்கும் சண்டை வந்திருக்கணும். உமிக்குச் சண்டையில்ல." அவள் நிமிர்ந்தாள். "உமி எண்ணாத ஆளு ஒருத்திதான்."

எல்லாத் தலையும் குருணை பக்கம் திரும்பியது.

"நான் பொய் சொல்லல!" என்றாள் குருணை. அழுகை வந்துவிட்டது. "மறக்கக் கூடாதுன்னு, கரையான் புத்து இருக்கற பக்கம்னு அடையாளம் வெச்சிருந்தேன். நான் உக்கார்ற கிளையிலேருந்து பார்த்தா புத்து…" அவள் நிறுத்தினாள். கண் அகலமாகியது. "அந்தக் கிளை ஒரு காத்துல முறிஞ்சு போச்சு. எதிர்க்கிளைக்கு மாறிட்டேன். அப்பப் புத்து…"

"பக்கம் மாறிடுச்சு," என்றாள் அரிசி மெதுவாக.

"ஆமாக்கா. தப்பு என்மேலதான், நான்தான் பிழைச்சேன். வலம். அது வலம்."

குருணையிடம் இருந்த சொல் அவளுக்கே தெரியாமல் மாறிப்போயிருந்தது. சரியான சொல் அந்தக் காட்டில் எந்தத் தலையிலும் இல்லை. யானையோடு மண்ணுக்குள் போய்விட்டது. ஆனாலும் அது ஆறு பேருக்கு நடுவே, யாருடையதாகவும் இல்லாமல், இத்தனை காலம் காத்திருந்திருக்கிறது. மந்திகூடக் கிளையிலிருந்து இறங்கி, அந்த மூன்று ஒன்றுமில்லாதவர்களுக்கு முன்னால் கையைக் கட்டி நின்றது.

வலம், இடம், வலம், வலம். மிளா நடந்தது. நான்காவது பிரிவைத் தாண்டியதும் முதலில் குளிர் வந்தது, பிறகு பாசி வாசனை, பிறகு இருட்டில் சொட்டும் சத்தம். அந்த இரவு மிளா அங்கேயே ஈன்றது. குட்டியை நக்கிக்கொண்டே, "பிழைச்சோம்," என்றது.

பதர் குருணையைப் பார்த்தாள். காலையில் அவளும் இதே சொல்லைத்தான் சொன்னாள்.

அதற்கடுத்த வெயிலில் ஒரு வைரிப் பருந்து வந்து அரிசியைத் தூக்கிக்கொண்டு போனது. ஓலமிட்டு முடித்த பிறகு ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கூட்டிலிருந்து அப்போதுதான் இறங்கிய அரிசியின் குஞ்சை நடுவில் விட்டார்கள். குருணை, "வலம்," என்றாள். தவிடு, "வலம்," என்றாள், கொட்டாவி இல்லாமல். பதர், "ஒற்றை," என்றாள். ஒற்றை ஆக இன்னும் ஒன்று வேண்டும். எண்ணிக்கொண்டிருந்த குஞ்சு அலகைத் திறந்து, செத்துப்போன அம்மாவின் சொல்லைச் சொன்னது: "வலம்."

அன்று முதல்தான் தவிட்டுக்குருவி தனியாகத் திரிவதில்லை. ஒன்று கத்தினால் எல்லாம் கத்துகின்றன. நாம் சண்டை என்று நினைக்கிறோம். அவர்கள் சொல்லைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதையைக் கேட்ட பிறகு இரண்டு விஷயங்களைத் தேடிப் பார்த்தேன். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத்தான் வாழ்கின்றன, ஆனால் ‘ஏழு சகோதரிகள்’ என்று அழைத்தாலும் எப்போதும் ஏழாக இருப்பதில்லை. அதில் கதை கொஞ்சம் மிகைப்படுத்துகிறது. இரண்டாவது, கணினியில் செய்தியைச் சேமிக்கும்போது நான்கு இலக்கத்துக்கு மூன்று காவல் இலக்கங்களைச் சேர்க்கும் முறை உண்மையாகவே இருக்கிறது. நம்பாமல், ஏழில் ஒவ்வொன்றாகத் தவற வைத்துத் தாளில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தவறியது யார் என்று கண்டுபிடிக்க முடிந்தது. ஒருத்தி பிழைத்தாலும் எல்லோரும் பிழைக்கலாம்.