கையை ஏந்துங்க, மகாராசா!

எந்த நாடு என்று கேட்காதீர்கள், அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். முன்னொரு காலத்தில் அங்கே மாறவேள் என்றொரு அரசர் ஆண்டார். காலைப் பொங்கலில் நெய் தூக்கலாக இருந்தால் ஊருக்கே வரி தள்ளுபடி. குறைந்தால் சமையற்காரனுக்குச் சவுக்கடி. அப்படிப்பட்ட மனிதர்.

ஓர் அடைமழையில் அரசரின் ஏரிக்கரை உடைத்துக்கொண்டது. கீழே அரண்மனைக் களஞ்சியம். விதைநெல் ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்த வண்டிக்காரி குப்பாயி அதைப் பார்த்தாள். மாடுகளை அவிழ்த்துவிட்டு வண்டியை அப்படியே உடைப்பில் தள்ளினாள். மூட்டைகளையும் மேலே உருட்டினாள். நெல் ஊறி உப்பி உடைப்பை இறுக அடைத்துக்கொண்டது.

மறுநாள் மழையோடு மழையாக அரசவைக்கு வந்தாள். "வண்டியும் விதைநெல்லும் குடுங்க மகாராசா. இப்ப நாத்து விடலேன்னா என் வயலு தரிசு, என் பிள்ளைங்க பட்டினி."

கரையைக் காக்கும் பொறுப்பு கருவூல அதிகாரி ஆதித்தநம்பியுடையது. ஒரு வண்டிக்காரி தன் வேலையைச் செய்துவிட்டாளே என்று அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

"உன்னை யார் அடைக்கச் சொன்னது? பேச்சுண்டா, ஓலையுண்டா? நாளைக்கு எவனாவது என் முதுகைச் சொறிந்துவிட்டுக் கூலி கேட்பான்!"

"அரிக்காத முதுகைச் சொறிஞ்சா குடுக்காதீங்க. களஞ்சியம் முங்க இருந்துச்சா, இல்லையா?"

சபை சிரித்தது. அன்று பொங்கலில் நெய் குறைவு போலும், அரசர் கையை வீசினார். "பேச்சில்லை, கூலியில்லை. போ!"

குப்பாயி அசையவில்லை. காவலனிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக்கொண்டு அரியணைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சரி, கடன் இல்லேன்னா தானம். தாரை வார்க்காத தானம் செல்லாது. குடுக்கிறவ நான். இறங்கி வந்து கையை ஏந்துங்க, மகாராசா!"

சிரிப்பு நின்றது. "அரசரைப் பிச்சைக்காரராக்குகிறாளே! இவள் தலையை வாங்குங்கள்!" என்று கத்தினார் நம்பி.

"நானா ஆக்குறேன்? சும்மா வாங்கிக்கிறதுக்கு வேற பேரு இருந்தா சொல்லுங்க. தானமும் வேண்டாமா? உடைப்புல கிடக்கிற என் மூட்டைய நான் உருவிக்கிட்டுப் போறேன்."

வெளியே மழை இன்னும் விடவில்லை. அரசர் மழையைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். மேலிருந்து கொடுத்தே பழகிய கை அது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது.

"வைத்துவிடு அந்தச் செம்பை! வாங்கியதற்கு இந்த அரசவை கொடுக்கும், கையேந்தாது. புது வண்டியும் இரட்டிப்பு விதைநெல்லும் இவளுக்கு. இந்தச் சேற்றில் வண்டி போகாது, அதனால் மூட்டைகளை ஆதித்தநம்பி தலையில் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்!"

கடைசி மூட்டையைக் குப்பாயியின் வாசலில் இறக்கியபோது நம்பிக்கு மூச்சு வாங்கியது. பட்டு வேட்டியெல்லாம் சேறு. திரும்பி நடந்தவரைக் குப்பாயி அதட்டி நிறுத்தினாள். ஒரு படி நெல்லை அளந்து அவர் மேல்துண்டில் கொட்டினாள்.

"எதற்கு இது? நாம் கூலி பேசவே இல்லையே!"

"பேசலைதான். ஆனா சுமந்தீங்கல்ல?"